ஆடாமல் நின்ற குத்தூசி

புருஷோத்தமனின் கழுத்தில் குத்தூசியை இறக்கியவன் யார் என்று போலீசுக்குத் தெரிந்துவிட்டது. அதைப் பிடுங்காமல் விட்டது யார் என்பதுதான் தெரியவில்லை. தனியார் துப்பறிவாளன் மதிவாணனுக்கு முதல் விஷயத்தில் நம்பிக்கை இல்லை. இரண்டாவது விஷயம் அவனைத் தூங்கவிடவில்லை.

"ரெண்டும் வேற வேற ஆளு. போட்டுக் குழப்பிக்காதீங்க" என்றார் இன்ஸ்பெக்டர் நெடுமாறன். "குத்தினது முகிலன். காப்பாத்துனது எவளோ ஒரு புண்ணியவதி. அவ கெடச்சா நல்லது. கெடைக்கலன்னாலும் எனக்குக் கவலை இல்ல."

புருஷோத்தமன் முதலியார்பேட்டையில் அரிசி மண்டி வைத்திருப்பவர். குத்தூசி அந்தத் தொழிலின் கருவி. ஒரு சாண் நீளத்தில் கூரான இரும்புக் குழல், மரப்பிடி. மூட்டையைப் பிரிக்காமல் குத்தி இழுத்தால் உள்ளங்கையில் ஒரு பிடி அரிசி வந்து விழும். நேற்று, செவ்வாய்க்கிழமை, மதியம் இரண்டு மணிக்கு அது மூட்டையில் இல்லை. முதலாளியின் கழுத்தில் இருந்தது.

முகிலன் அங்கே மூட்டை தூக்குகிறவன். வயது இருபத்து மூன்று. தீயணைப்புத் துறைக்கு ஓடி, தாண்டி, எழுதித் தேர்வாகியிருந்தான். நாளைக் காலை பத்து மணிக்குச் சான்றிதழ் சரிபார்ப்பு. இன்று மாலை ஐந்து மணிக்குள் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்திச் சிறைக்கு அனுப்பிவிட்டால் அந்தச் சான்றிதழ்களைப் பழைய பேப்பர்காரனுக்குப் போட வேண்டியதுதான். அவன் அக்கா செந்தமிழ்ச்செல்வி காலையில் மதிவாணனிடம் வந்து சொன்னது அவ்வளவுதான். அழவில்லை. ஃபைலைத் திறந்து சான்றிதழ்களை ஒவ்வொன்றாகக் காட்டினாள். அது அழுவதைவிட மோசமாக இருந்தது.

மதிவாணன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். இரண்டு பத்து.

"முகிலன்தான்னு எப்படி முடிவு பண்ணீங்க?"

"முந்தாநாள் முதலாளியோட சண்டை. நேத்து மதியம் அதே மண்டியில பின்கட்டுப் பரண் மேல இருந்திருக்கான். கேட்டா, ராத்திரி ரெண்டு லாரி இறக்கினேன், தூங்கிட்டேன்றான். கீழ ஒருத்தர் கழுத்துல இரும்பு ஏறுது, மேல இவரு குறட்டை விடறாராம்."

"மதியம் ரெண்டு மணிக்கு இந்த ஊர்ல முழிச்சிக்கிட்டு இருக்கறவனைத்தான் சந்தேகப்படணும் சார்" என்றாள் மணியம்மாள். "நேத்து அந்நேரம் நீங்க எங்க இருந்தீங்க?"

நெடுமாறனின் கன்னத்தில் ஃபைல் கட்டும் நாடாவின் தடம் இன்னும் சிவப்பாகத்தான் இருந்தது.

மணியம்மாள் மதிவாணனின் உதவியாளர். அவனைவிட எட்டு வயது மூத்தவள். அவன் 'மணிக்கா' என்பான். அவள் 'சார்' என்பாள், கெட்ட வார்த்தையைச் சொல்வதுபோல. ஸ்கூட்டர் அவளுடையது. ஓட்டுவதும் அவள்தான். சம்பளம் கொடுப்பது மட்டும் அவன் என்பதால் முதலாளி அவன் என்று இருவரும் ஒரு ஏற்பாட்டுக்கு வந்திருந்தார்கள்.

"புருஷோத்தமன் இன்னா சொல்றாரு?" என்று கேட்டாள்.

"தொண்டையில குழாய் போட்டிருக்காங்க. பேச்சு இல்ல. எழுதிக் காட்டினாரு." நெடுமாறன் ஒரு சீட்டை நகர்த்தினார். கோணல் எழுத்தில் இருந்தது: 'தெரியாது. பின்னால் இருந்து குத்திவிட்டான்.'

"ஊசி எந்தப் பக்கமா இறங்கியிருந்துச்சு?" என்று கேட்டான் மதிவாணன்.

"இடது பக்கம், தாடைக்குக் கீழ. முன்னாலேருந்து பின்பக்கமா சாஞ்சு. பிடி முன்னாடி நீட்டிக்கிட்டு இருந்துச்சு."

"பின்னாலேருந்து குத்தினவன் பிடியை முன்னாடி விட்டுட்டுப் போனானா?"

"மயக்கத்துல எழுதினதுய்யா."

"ரொம்பத் தெளிவான மயக்கம்" என்றாள் மணியம்மாள்.

நெடுமாறன் எரிச்சலோடு மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு பிளாஸ்டிக் உறையைப் போட்டார். "இதுக்குத்தானே வந்தீங்க? பாத்துட்டுக் கிளம்புங்க."

உறைக்குள் ஒரு துண்டு. வளையமாக முறுக்கிச் சுற்றி, வாலை உள்ளே செருகியிருந்தது. பாதிக்கு மேல் ரத்தம் காய்ந்து பழுப்பேறிக் கிடந்தது. ஊசியை நடுவில் நிறுத்தி இந்த வளையத்தைக் கழுத்தோடு பதித்து, மேலே கிழித்த வேட்டித்துணியால் கட்டியிருக்கிறார்கள். பிறகு ஷட்டரைத் தடதடவென்று தட்டித் தெருவையே எழுப்பிவிட்டுப் போயிருக்கிறார்கள். எதிர்வீட்டுக்காரர் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து பார்த்தபோது ஆள் இல்லை. அவர்தான் 108-க்குப் போன் செய்தார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னது ஒரே விஷயம். பெரிய ரத்தக்குழாய்க்கு ஒரு நெல் அகலம் தள்ளி நின்றிருக்கிறது ஊசி. பிடுங்கியிருந்தால் ஆம்புலன்ஸ் வருவதற்குள் முடிந்திருக்கும். ஆடவிட்டிருந்தாலும் அதேதான்.

"சும்மாடு" என்றார் நெடுமாறன். "தலைச்சுமைக்காரி எவளோ எட்டிப் பாத்திருக்கா. தலையில இருந்ததை எடுத்து வச்சுக் கட்டியிருக்கா. போலீசுக்குப் பயந்து ஓடிட்டா."

மதிவாணன் உறைக்கு மேலேயே தடவிப் பார்த்தான். ரத்தம் படாத முனை ஒன்று அப்பளம் மாதிரி விறைப்பாக இருந்தது. அழுத்தினால் நொறுங்கிவிடும் போலிருந்தது. நான்கு பக்கமும் போட்டோ எடுத்துக்கொண்டான்.

"மண்டிக்குள்ள ஒரு தடவை போய்ப் பாக்கணும்."

"கான்ஸ்டபிள் கிட்ட சொல்லி வைக்கறேன். வேன் நாலே முக்காலுக்குக் கிளம்பும். அதுக்கப்புறம் உங்க துப்பு எதுவா இருந்தாலும் வக்கீல் கிட்டக் குடுங்க."

பெரிய மார்க்கெட்டுக்குப் போகும் வழியில் மதிவாணன் பின்சீட்டில் உட்கார்ந்து போட்டோவைப் பார்த்துப் பார்த்து ஒரு துண்டை முறுக்கிக்கொண்டிருந்தான். முடித்ததும் தலையில் வைத்துப் பார்த்தான்.

"கண்ணாடியில தெரியுது சார்" என்றாள் மணியம்மாள். "நல்லா இருக்கு. மேல ஒரு கூடை வச்சா தொழில் மாத்திக்கலாம்."

"ரோட்டைப் பாருங்க."

"ரோடு சிரிக்க வைக்கலயே."

மீன் அங்காடியில் வியாபாரம் ஓய்ந்திருந்தது. சின்னப்பாப்பா கூடையைக் கழுவிக் கவிழ்த்து, அதன் மேலேயே உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தாள். முப்பது வருடமாக அந்தக் கூடையை அவள் தலைதான் சுமக்கிறது. மதிவாணன் தான் சுற்றியதை நீட்டினான். அவள் வாங்கவில்லை.

"இன்னாது இது?"

"சும்மாடும்மா."

"யாரு சுத்துனது?"

"நான்தான். இந்தப் போட்டோவைப் பாத்து."

அவள் போட்டோவைக் கண்ணுக்கு அருகில் கொண்டுபோனாள். "போட்டோவுல இருக்கறவன் ஒழுங்காத்தான் சுத்தியிருக்கான். நீ கொழுக்கட்ட புடிச்சி வச்சிருக்க."

மணியம்மாள் மிகுந்த திருப்தியோடு தலையாட்டினாள்.

"'சுத்தியிருக்கான்'னு சொல்றீங்க. பொம்பளை இல்லையா?"

"தோ பாரு தம்பி. முறுக்கு எப்படி இருக்கு, தேர்வடம் கணக்கா. இத தலையில வச்சி அரை கல்லு தூரம் நடந்தா மண்ட வீங்கிப்புடும். தலைக்குன்னா மெத்துனு சுத்துவோம். பழைய பொடவைத் துணியா இருக்கும். இவன் தலைக்கே சுத்தல. பானைக்குச் சுத்தியிருக்கான். பானைக்கு வலிக்காது பாரு, அதான் இழுத்து முறுக்கியிருக்கான்."

"பிரிமணையா?" என்றாள் மணியம்மாள்.

"பின்ன? அடி உருண்ட பாத்திரம் ஆடாம நிக்கறதுக்கு." சின்னப்பாப்பா துப்பிவிட்டுத் தொடர்ந்தாள். "வீட்டுல யாரு இப்ப துணியில சுத்தறா? ஸ்டாண்டு வாங்கிப்புட்டாங்க. கல்யாண சமையக்காரனுங்கதான் போற எடத்துல தோள்ல கெடக்கறத சுத்திப் போட்டுக்குவானுங்க."

"முனை வெறப்பா இருந்துச்சும்மா. ரத்தம் இல்ல."

"கஞ்சி. சோறு வடிக்கறவன் துண்டு வேற எப்படி இருக்கும்? மீன்காரி துண்டுன்னா அது என்னிக்காச்சும் காஞ்சிருக்குமாடா?"

மதிவாணன் நன்றி சொன்னான். அவள் அவன் சுற்றியதைச் சுட்டிக்காட்டி, "அத யாருகிட்டயும் காட்டாத" என்றாள்.

மண்டியின் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. வாசலில் ஒரு கான்ஸ்டபிளும், அவருக்கு இரண்டடி தள்ளி செந்தமிழ்ச்செல்வியும் நின்றிருந்தார்கள். தம்பியைப் பார்க்கவிடாமல் ஸ்டேஷனிலிருந்து துரத்தியிருந்தார்கள். வேறு எங்கே போவது என்று தெரியாமல் இங்கே வந்திருந்தாள்.

"சாட்சி கெடச்சிட்டான் செல்வி" என்றாள் மணியம்மாள். "ஆள் யாருன்னு தெரியல, தொழில் தெரிஞ்சிடுச்சு. பாதிக் கிணறு."

உள்ளே சுவரோரம் மூட்டைகள் அடுக்கியிருந்தன. தரையில் சுண்ணாம்பால் வட்டம் போட்டிருந்தார்கள். அதற்கு நேராக இருந்த மூட்டையின் முன்னால் மதிவாணன் குந்தி உட்கார்ந்தான். கருநீல மையில் 'பழசு' என்று பெரிதாக எழுதியிருந்தது. பிளாஸ்டிக் நெசவில் ஓரிடம் மட்டும் குறுக்கும் நெடுக்குமாகக் கீறி இழைகள் நெருங்கிக் கிடந்தன.

"இது இன்னா செல்வி?"

"குத்தின ஓட்டைண்ணா. அரிசி எடுத்ததும் ஊசி முனையாலயே இப்படிக் கீறி அடைச்சிடுவாங்க. இல்லன்னா ஒழுகிக்கிட்டே இருக்கும். தொழில் தெரிஞ்சவங்க கை தானா செஞ்சிடும்."

மூட்டையின் அடியில் மென்று துப்பிய அரிசி நாலைந்து. மதிவாணன் தையலைப் பிரித்து ஒரு சிட்டிகை எடுத்து மணியம்மாளிடம் நீட்டினான்.

"நான் இன்னா கோழியா?"

"மென்னு பாருங்க மணிக்கா."

மென்றாள். முகம் மாறியது. "பல்லுல மாவா ஒட்டுது. பழைய அரிசின்னா டக்குனு ஒடையும். இது அறுப்பு முடிஞ்சி ரெண்டு மாசம்கூட ஆகியிருக்காது. இத வடிச்சா சோறு வராது சார், கூழ்தான் வரும்."

"முந்தாநாள் தம்பி எதுக்குச் சண்டை போட்டான்னு சொன்னே?"

"மூட்டை மாத்தற வேலை இனிமே செய்யமாட்டேன்னானாம்" என்றாள் செல்வி. "அதுக்கு மேல என்கிட்டச் சொல்லலண்ணா."

மணியம்மாள் அரிசியைத் துப்பிவிட்டுச் சட்டென்று நிமிர்ந்தாள். "சார்! ஞாயித்துக்கிழமை லாஸ்பேட்டையில ஒரு கல்யாணத்துக்குப் போனேன்னு சொன்னேன் இல்ல? சாம்பார் ஊத்தறதுக்கு முன்னாடியே சோறு கொழகொழன்னு இலையை விட்டு ஓடுச்சு. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க இலையை மடிச்சிட்டு எழுந்துட்டாங்க. அறுநூறு பேரு. பொண்ணோட அப்பா சமையக்காரரைப் பந்தியில வச்சே கையைப் புடிச்சி வெளிய தள்ளினாரு. கன்னியப்பன் மாஸ்டர். முப்பது வருஷமா இந்த ஊருக்குச் சோறு போட்டவரு. ஒரு வார்த்த பேசாம தலைய குனிஞ்சிக்கிட்டுப் போனாரு."

"அரிசி எங்க வாங்குவாரு?"

"போன் போட்டா தெரிஞ்சிடும்."

மூன்று போன் போட்டாள். அவர் அரிசி வாங்குவது இங்கேதான். இன்று சாரம் பகுதியில் ஒரு மண்டபத்தில் வரவேற்புக்குச் சமைக்கிறார். ஞாயிற்றுக்கிழமைக்கு முன்பே ஒத்துக்கொண்டது.

"அவருதான் நம்ம சாட்சி" என்றாள் மணியம்மாள், ஸ்கூட்டரைத் திருப்பியபடி. "அரிசியைப் பத்திக் கேக்க வந்திருக்காரு. இந்த ஆளு ரத்த வெள்ளத்துல கெடந்திருக்கான். தோள்ல இருந்த துண்டால கட்டிக் காப்பாத்தியிருக்காரு. பெரிய மனசு சார்."

மதிவாணன் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தான். ஓட்டையை நிதானமாக அடைத்திருந்த அந்தக் கையைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தான். அரிசியை மென்றவன் கையில்தான் ஊசி கடைசியாக இருந்திருக்கிறது.

மணி நான்கு ஐந்து.

மண்டபத்தின் பின்கட்டில் மூன்று அடுப்புகள் எரிந்துகொண்டிருந்தன. நடு அடுப்பில் இரண்டு ஆள் குளிக்கும் அளவுக்கு ஒரு குண்டானில் உலை கொதித்தது. பக்கத்தில் கன்னியப்பன். ஐம்பத்தைந்து வயது. ஒல்லியான ஆள். தோளில் துண்டு புதிதாக இருந்தது. விலைச்சீட்டைக்கூடக் கிழிக்கவில்லை. மூலையில் ஒரு மஞ்சள் பை, வாய் கட்டித் தயாராக இருந்தது.

மதிவாணனின் சட்டையையும் ஷூவையும் பார்த்தார். "வந்துட்டீங்களா? நேத்து சாயங்காலமே வருவீங்கன்னு நெனச்சேன்."

"உங்களைச் சாட்சி சொல்லக் கூப்பிட வந்தோம்ணே" என்றாள் மணியம்மாள். "பயப்படாதீங்க. புருஷோத்தமனை நீங்கதான் காப்பாத்துனீங்கன்னு எங்களுக்குத் தெரியும்."

அவர் அவளைக் குழப்பத்தோடு பார்த்தார்.

"சாட்சியா? குத்துனதே நான்தானேம்மா."

மணியம்மாள் திரும்பி மதிவாணனைப் பார்த்தாள்.

"பழசுன்னு எழுதிப் புதுசக் குடுத்திருக்கான்" என்றார் கன்னியப்பன். கண் குண்டானிலேயே இருந்தது. "எதுத்தாப்புல நின்னு குத்தி, மென்னு காட்டுனேன். இப்பவாச்சும் ஒத்துக்கடா, அந்தப் பொண்ணோட அப்பன்கிட்ட வந்து ஒரு வார்த்த சொல்லுடான்னேன். சிரிச்சான். 'அரிசியில ஒண்ணும் இல்ல மாஸ்டரு. உனக்குக் கை போயிடுச்சு. வீட்டுல பொண்டாட்டிக்கு வெங்காயம் உரிச்சிக் குடுத்துக்கிட்டு உக்காரு'ன்னான். ஊசி என் கையில இருந்துச்சு. அப்புறம் பாத்தா அவன் கழுத்துல இருந்துச்சு. நடுவுல நான்தான் எதையோ செஞ்சிருக்கணும். அது மட்டும் ஞாபகத்துல இல்ல."

"அப்புறம் ஏன் காப்பாத்துனீங்க?" என்று மதிவாணன் கேட்டான்.

"காப்பாத்தணும்னுலாம் நெனைக்கல தம்பி. ஆடுச்சு. அவன் மூச்சு வாங்க வாங்க அந்த ஊசி இப்படி இப்படி ஆடுச்சு. ஆடறத என்னால பாத்துக்கிட்டு நிக்க முடியாது. கை தானா துண்ட எடுத்துச் சுத்திடுச்சு."

"பிடுங்கணும்னு தோணலையா?"

"எப்படிப் புடுங்கறது? மூட்டையில ஊசி உள்ள இருக்கற வரைக்கும் ஒரு மணி கொட்டாது. உருவுனாதான் கொட்டும்."

மதிவாணன் டாக்டரை நினைத்துக்கொண்டான். அவர் ஆறு வருடம் படித்துவிட்டு இதையேதான் சொன்னார்.

"ஓடிட்டீங்களே?" என்றாள் மணியம்மாள். குரல் இறங்கியிருந்தது.

"ஓடலம்மா. வீட்டுக்குப் போனேன். பொண்டாட்டிகிட்டச் சொன்னேன். மாத்து வேட்டி எடுத்துக் கட்டிக் குடுத்தா. காத்துக்கிட்டு இருந்தேன், யாரும் வரல. அவன்தான் என் பேரைச் சொல்லியிருப்பானேன்னு இருந்தேன். காலையில பேப்பர்ல 'ஒருவர் கைது'ன்னு போட்டிருந்தான். சரி, நம்மளத்தான் முன்கூட்டியே போட்டுட்டானுங்க, ஆளு பின்னாடி வரும்னு நெனச்சேன். அதுக்குள்ள ஒத்துக்கிட்ட சமையல முடிச்சிடலாம்னு வந்துட்டேன்."

"அந்த ஒருவர் நீங்க இல்ல" என்றான் மதிவாணன். "முகிலன்னு ஒரு பையன். மண்டியில மூட்டை தூக்கறவன். புருஷோத்தமன் உங்க பேரைச் சொல்லல, தெரியாதுன்னு எழுதிக் குடுத்திருக்காரு. உங்க பேரு வெளிய வந்தா அரிசி வெளிய வரும். இந்த ஊர்ல ஒரு சமையல்காரரும் அப்புறம் அவர்கிட்ட வாங்கமாட்டாங்க. நாலே முக்காலுக்கு அந்தப் பையனை வேன்ல ஏத்திடுவாங்க. நாளைக்கு அவனுக்கு கவர்மெண்ட் வேலைக்குச் சான்றிதழ் பாக்கறாங்க."

கன்னியப்பனின் கையிலிருந்த கரண்டி நின்றது. அவர் முகத்தில் முதல் தடவையாகப் பயம் வந்தது. தனக்காக வராத பயம்.

"இப்பவே போலாம்." ஓரடி வைத்தார். நின்றார். குண்டானைத் திரும்பிப் பார்த்தார். "இருபது நிமிஷம் குடுப்பீங்களா? இப்ப விட்டுட்டுப் போனா இதுவும் களியாயிடும். நானூறு பேரு."

மதிவாணன் மணியம்மாளைப் பார்த்தான்.

"ஒரு வாரத்துல ரெண்டு களி இந்த ஊரு தாங்காது சார்" என்றாள். "வடிச்சிட்டே வாங்கண்ணே."

அவன் வெளியே போய் நெடுமாறனுக்குப் போன் செய்தான். காப்பாற்றியவரும் குத்தியவரும் ஒரே ஆள் என்றான். மறுமுனையில் சிரிப்புச் சத்தம் கேட்டது. "வெயில் அதிகம், மோர் குடிங்க" என்று சொல்லி வைத்துவிட்டார். மதிவாணன் திரும்பி வந்தபோது மணி நான்கு பன்னிரண்டு.

சோறு வேகும் நேரத்தை அவன் அதுவரை கவனித்ததில்லை. கன்னியப்பன் ஒரு பருக்கையை எடுத்து விரலால் நசுக்கினார். "இன்னும்." மணியம்மாள் நகத்தைக் கடித்தாள். நான்கு பதினெட்டு. இன்னொரு பருக்கை. "இன்னும் கொஞ்சம்." மதிவாணனின் கடிகாரம் அவன் மணிக்கட்டில் சுட்டது. அவர் அவசரப்படவும் இல்லை, தாமதிக்கவும் இல்லை. நான்கு இருபத்தேழுக்கு மூன்றாவது பருக்கை. தோள் துண்டை எடுத்தார், நாலு ஆட்களைக் கூப்பிட்டார், குண்டானைச் சாய்த்தார். வெள்ளைக் கஞ்சி பாய்ந்தது. உள்ளே சோறு உதிரி உதிரியாக, மல்லிகை கொட்டியதுபோல நின்றது.

"நல்லா வந்திருக்குண்ணே" என்றாள் மணியம்மாள்.

"கை போகல" என்றார் அவர். கரண்டியை உதவியாளிடம் கொடுத்துவிட்டு மஞ்சள் பையை எடுத்துக்கொண்டார்.

ஸ்கூட்டரில் மூன்று பேர். முன்னால் மணியம்மாள், நடுவில் மடியில் பையோடு கன்னியப்பன், பின்னால் பாதி உடம்பு காற்றில் மதிவாணன். சிக்னலில் ஒரு டிராபிக் போலீஸ் கையை நீட்டினார்.

"போலீஸ் ஸ்டேஷனுக்குத்தான் சார் போறோம்!" என்று கத்திவிட்டு மணியம்மாள் முறுக்கினாள். அது உண்மைதான் என்பதால் அவர் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்.

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது வேனின் பின்கதவு திறந்திருந்தது. முகிலன் ஒரு காலை மேலே வைத்திருந்தான். செந்தமிழ்ச்செல்வி மண்டியிலிருந்து ஓடி வந்திருந்தாள். அவன் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்திருந்தாள். ஒரு கான்ஸ்டபிள் அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"இன்ஸ்பெக்டர்!" என்றான் மதிவாணன். அவன் சத்தம் போட்டு மணியம்மாள் கேட்டதில்லை.

நெடுமாறன் படியில் நின்று கன்னியப்பனை மேலும் கீழும் பார்த்தார். உள்ளே மேசைக்கு அழைத்துப்போய் எல்லாவற்றையும் கேட்டார். தலையை ஆட்டினார், இல்லை என்று.

"ஒருத்தன் குத்துவான், அவனே கட்டுவானா? கோர்ட்டுல சொன்னா சிரிப்பாங்க. அந்தப் பையன் மேல பரிதாபப்பட்டு யாரோ பெரியவரைக் கூட்டிட்டு வந்து ஒத்துக்க வைக்கறீங்க."

"உங்க லத்தியக் குடுங்க சார்" என்றார் கன்னியப்பன்.

நெடுமாறன் ஏன் கொடுத்தார் என்று அவருக்கே தெரியாது. கன்னியப்பன் தோள் துண்டை உதறினார், இரண்டு கையாலும் முறுக்கினார், சுற்றினார், வாலைச் செருகினார். ஐந்து விநாடி. வளையத்தை மேசையில் வைத்து லத்தியை நடுவில் நிறுத்திக் கையை எடுத்தார்.

லத்தி நின்றது.

மணியம்மாள் ஓங்கி மேசையைத் தட்டினாள். டீ கிளாஸ் குதித்தது. லத்தி அசையவில்லை.

நெடுமாறன் இழுப்பறையைத் திறந்து பிளாஸ்டிக் உறையை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தார். முறுக்கு அதே முறுக்கு. வால் செருகிய இடம்கூட அதே இடம்.

"கொலை முயற்சி" என்றார் கடைசியில். குரலில் கேலி இல்லை. "சின்ன கேஸ் இல்ல பெரியவரே."

"தெரியும்."

"டாக்டர் சொன்னதையும் சேத்து எழுதறேன். அது உங்களுக்கு உதவும். எவ்வளவுன்னு என்னால சொல்ல முடியாது." வாசலைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "யோவ், அந்தப் பையனை இறக்கு. வீட்டுக்குப் போவட்டும். காலையில பத்து மணிக்கு வேலை இருக்கு அவனுக்கு."

செந்தமிழ்ச்செல்வி தம்பியின் கையைப் பிடித்து இழுத்தாள். அவன் நகரவில்லை. உள்ளே வந்து கன்னியப்பனின் முன்னால் நின்றான். இரண்டு நாள் தாடி. கண் வீங்கியிருந்தது.

"மன்னிச்சிடுப்பா" என்றார் அவர். "நீ உள்ள இருக்கறது எனக்குத் தெரியாது."

"அண்ணே, ஞாயித்துக்கிழமை கல்யாணத்துக்கு வந்த மூட்டை..." என்று தொடங்கினான் முகிலன்.

அக்கா அவன் காலை மிதித்தாள். எல்லோருக்கும் தெரியும்படி, நன்றாகவே மிதித்தாள். "வாடா, போலாம்."

"இரு." அவன் அவளைப் பார்க்கவில்லை. "பழைய சாக்குல புதுசக் கொட்டித் தைச்சது நான்தாண்ணே. முதலாளி சொன்னாரு, செஞ்சேன். உங்களைப் பந்தியிலேருந்து தள்ளுனாங்கன்னு அப்புறம்தான் கேள்விப்பட்டேன். அதுக்கப்புறம்தான் மாட்டேன்னு சண்டை போட்டேன். முன்னாடியே போட்டிருக்கணும்."

கன்னியப்பன் அவனைப் பார்த்துக்கொண்டே நின்றார். கோபம் வருமா என்று மதிவாணன் காத்திருந்தான். அவர் கையை நீட்டி அந்தப் பையனின் சட்டைக் காலரைச் சரிசெய்தார். "காலையில போறப்ப சலவைச் சட்டையா போட்டுக்கிட்டுப் போ" என்றார்.

நெடுமாறன் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். "பதினோரு வருஷமா இந்த ஸ்டேஷன்ல ஒருத்தன் தானா உண்மையைச் சொன்னதில்ல. இன்னிக்கி ஒரே சாயங்காலத்துல ரெண்டு பேரு." முகிலனைப் பார்த்தார். "இத எழுதினா நீ சாட்சி. புரியுதா? குற்றவாளி இல்ல, சாட்சி. தீயணைப்புத் துறையில கேட்டா என் பேரச் சொல்லு."

"மூணாவது ஆளு ஒருத்தர் பாக்கி இருக்காரு சார்" என்றாள் மணியம்மாள். "ஆஸ்பத்திரியில."

நெடுமாறன் எழுந்து தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டார். மேசையிலிருந்த வெள்ளைத்தாளை மொத்தமாக அள்ளினார். சட்டைப்பையில் பேனா இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தார். பிறகு யோசித்து, இன்னொரு பேனாவும் எடுத்துக்கொண்டார்.

"அவருக்குப் பேச்சு வராட்டி பரவால்ல" என்றார். "கை நல்லாத்தானே இருக்கு."